வாசலைப் பார்த்துப் படுத்திருந்த நாய்

பஞ்சு செத்துப்போன மறுநாள் காலையில் அவள் மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, சித்தி தவறிவிட்டார், வேலைக்கு வர முடியாது என்று சொன்னாள். அவளுக்குச் சித்தி என்று யாரும் கிடையாது. வாயில் வந்த உறவு அதுதான். நாய் செத்துவிட்டது என்று லீவு கேட்டால் தலைமை நர்ஸ் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். 'அடப்பாவமே' என்பாள். அடுத்த மூச்சிலேயே, 'அப்போ மத்தியானம் வந்துடுவீங்கல்ல?' என்பாள்.

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பிறகு விடச் சொல்லி, அதிலேயே தலை நரைத்தவள். கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த தெருவில் செல்ஃபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன் உண்டு. அவனை விட்டால் அவளுக்கு இருந்ததெல்லாம் பஞ்சு. மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்தில் கிடைத்த வெள்ளைக் குட்டியை வேலைக் கோட்டின் பைக்குள் போட்டு எடுத்து வந்தவள் அவள். அது வளர்ந்து, கிழமாகி, சிறுநீரகம் கெட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அவள் மடியிலேயே அடங்கியது.

பஞ்சு இருந்தவரை, பூட்டில் சாவி நுழைவதற்கு முன்பே கதவுக்கு அந்தப் பக்கம் நகங்கள் தரையில் தட்டும் சத்தம் கேட்கும். இப்போது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நிற்பாள். கதவைத் திறந்தால் அந்தச் சத்தம் இல்லை என்பது உறுதியாகிவிடும். மாடி வீட்டுக்குப் போகும் படியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் யாரிடமோ பேசுவதுபோல ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வாள்.

வேலைக்குத் திரும்பியதும் ஆளாளுக்கு வந்து துக்கம் கேட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா மாதிரி பாத்துக்கிட்டவங்களா அந்தச் சித்தி?" என்றார்.

"ஆமா," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பிறக்காத சித்திக்காக விக்கி விக்கி அழுதாள். வெளியில் ஒரு நோயாளி சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு குளிரில் காத்திருந்தார்.

அதோடு தீரும் என்று நினைத்தாள். தீரவில்லை. சமைப்பது நின்றது. தூக்கம் கெட்டது. ஒருநாள் இடது மணிக்கட்டுக்குப் பதில் வலது மணிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். எலும்பு டாக்டர் நல்லவர், சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மறுபடியும் அதே தப்பு நடந்தபோது அவர் சிரிக்கவில்லை.

தம்பி கடையை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். "அக்கா, கண்ணாடியில உன்னைப் பாத்தியா? உன்னைப் படம் எடுக்க மிஷினே வேணாம். வெளியிலயே எலும்பு தெரியுது."

"போடா."

"ஒரு குட்டி வாங்கித் தரேன். வேணான்னு சொல்லாத."

"குட்டியா? அது வளந்து, கிழமாகி, திரும்பவும் இதே மாதிரி... எனக்கு இன்னொரு தரம் தெம்பு இல்லடா."

அவன் பஞ்சுவின் போர்வைகள், கழுத்துப்பட்டை, பிரிக்காத தீவனப் பை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி, "இதையாவது எங்கயாவது குடுத்துட்டு வா. பாத்துக்கிட்டே இருந்தா ஆறவே ஆறாது," என்றான்.

ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. கம்பி வேலி போட்ட திறந்தவெளி, மண் தரை, ஆங்காங்கே தகரக் கூரை. பெட்டியை இறக்கியதும் நாய்களெல்லாம் வேலியில் ஏறிக் குரைத்தன. ஒன்று மட்டும் எழுந்திருக்கவில்லை. நெடிய கால், ஒடுங்கிய வயிறு, நீண்ட முகம். பழுப்பு நிறம். மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. ஒரு காது நுனியில் கிழிந்து கிழிந்து இலைபோல ஆகியிருந்தது. அது எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மூடிய கேட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

"வேட்டை நாய் மேடம்," என்றார் காப்பகக்காரர். "காட்டுக்குள்ள மான் சுட்டுப் பிடிபட்டவனோடது. அவன் ஜெயிலுக்குப் போயிட்டான். வனத்துறைக்காரங்க இதைக் கொண்டாந்து விட்டாங்க. வயசாயிடுச்சு, யாரும் எடுக்க மாட்டாங்க. கிழவன்னு கூப்பிடறோம். கூப்பிட்டாலும் திரும்பாது."

"சாப்பிடுதா?"

"அதுல குறை இல்ல. போட்டதைத் தின்னும். ஆனா யாரையும் பாக்காது. எஜமானை எதிர்பாத்துக் கேட்டையே பாத்துக்கிட்டுக் கெடக்குது."

அவள் வேலியருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள். நாய் திரும்பவே இல்லை. தன் வீட்டு மாடிப்படியில் தானே உட்கார்ந்திருப்பதைத் தள்ளி நின்று பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இதை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். கொடுக்க வந்த பெட்டியும் நாயோடு சேர்ந்து திரும்பி வந்தது.

முதலில் நாய் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் எடுத்த எக்ஸ்ரேயைப் பழக்கதோஷத்தில் இவளே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தோளிலும் தொடையிலும் வெள்ளை வெள்ளையாகத் துப்பாக்கி ரவைகள். யாரோ சுட்டது சிதறி இதன் மேல் பாய்ந்திருக்க வேண்டும். இடது விலாவில் இரண்டு எலும்புகள் எப்போதோ முறிந்து, கோணலாகவே கூடியிருந்தன.

"பன்னி முட்டியிருக்கும்," என்றார் டாக்டரம்மா. "பழசுதான். இப்போ வலிக்காது."

வீட்டு வாசலில் நாய் நின்றது. கயிற்றை இழுத்தாள். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. கடைசியில் தம்பி அதை ஆட்டுக்குட்டிபோலத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுவந்து விட்டான். விட்டதும் அது சுவரோடு சுவராக ஒட்டி நடந்து போய், வாசல் கதவைப் பார்த்துப் படுத்தது. அவ்வளவுதான்.

அன்று அது சாப்பிடவில்லை. புது இடம் என்று விட்டாள். மறுநாளும் தொடவில்லை. கோழியை வேகவைத்து எலும்பு நீக்கிப் பிசைந்து வைத்தாள். ஈரலை வதக்கி வைத்தாள். தட்டை மாற்றிப் பார்த்தாள். கையில் வைத்து நீட்டினாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் வாயோரம் எச்சில் ஒழுகியது. பசிக்கிறது, ஆனாலும் தின்னவில்லை. அதுதான் அவளை அதிகம் கலங்கடித்தது. இத்தனை பசியையும் மீறி ஒருவனுக்காகக் காத்திருக்க முடியுமா?

நடக்கக் கூட்டிப்போனால் மட்டும் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும். சாலையோரக் குட்டையில் தண்ணீர் குடிக்கும். ஒருமுறை குப்பைத் தொட்டியருகே கிடந்த எதையோ பாய்ந்து கவ்வப் போனது. "சீ, அசிங்கம்," என்று கயிற்றைச் சுண்டி இழுத்துவந்தாள். பஞ்சு ஒருநாளும் குப்பையில் வாய் வைத்ததில்லை.

நாய் இளைத்துக்கொண்டே போனது. டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினார். அங்கேயும் மேசைக்கடியில் புகுந்து கதவைப் பார்த்துக் கிடந்தது.

"ரத்தத்துல பெருசா ஒண்ணுமில்ல," என்றார் டாக்டரம்மா. "சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கு, அது வயசு. உடம்புல இல்ல கோளாறு. சில நாய்ங்க ஒரே ஆளோட முடிஞ்சிடும். இப்படியே பட்டினி போட்டுச் சாகடிக்கிறதைவிட..." என்று நிறுத்தினார். பிறகு மெதுவாக, "யோசிச்சுச் சொல்லுங்க. திங்கக்கிழமை கொண்டாந்தீங்கன்னா, வலிக்காம ஒரு ஊசி போட்டுடலாம்," என்றார்.

அவள் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் தரையில் அதன் முன்னால் முழங்காலிட்டாள்.

"சாப்பிடேன். ஒரு வாய். உன் கால்ல விழறேன்." சோற்றை அள்ளி அதன் உதட்டில் தேய்த்தாள். நாய் நடுங்கியது. பின்வாங்கி, தரையிலேயே சிறுநீர் கழித்தது. அவளுக்குச் சட்டென்று கோபம் தலைக்கேறியது. "செத்துப் போ அப்போ! நீயும் செத்துப் போ!" என்று தட்டைச் சுவரில் எறிந்தாள். தட்டு மோதிக் கீழே விழுந்து சுழன்று அடங்க வெகுநேரம் ஆனது. சிதறிய பருக்கைகளுக்கு நடுவே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைத் தம்பி வந்து பார்த்தான். துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தான்.

"அக்கா, வேணாம். திருப்பி விட்டுடலாம். நீயும் சேந்து போயிடுவ போல இருக்கு."

"அவனைப் போய்ப் பாக்கப் போறேன்."

"எவனை?"

"இதோட எஜமானை."

"ஜெயிலுக்கா? என்னன்னு சொல்லிப் போவ? நாயோட சம்பந்தின்னா?"

அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை, பார்வையாளர் நாளில், அவள் சிறைக்குப் போனாள். நாய்க்குக் காவலாகத் தம்பி கடைக்கு லீவு விட்டான். உறவா என்று வாசலில் கேட்டார்கள். இல்லை என்றாள். கைதி சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்கள். அவன் சம்மதித்தான்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். வேட்டைக்காரன் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டே வந்தான். கண்கள் இவளைத் தாண்டி யாரையோ தேடின. இவள்தான் என்று தெரிந்ததும் அந்த முகம் அப்படியே வாடிப்போனது. அவன் எதிர்பார்த்த ஆள் வேறு.

"யாரும்மா நீங்க?"

"உங்க நாய் எங்கிட்ட இருக்கு."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு சிரித்தான். "கட்டினவ ஒருதரம்கூட எட்டிப் பாக்கல. நாய்க்காக ஒருத்தர் வந்திருக்கீங்க. நல்லா இருக்கு."

"அது சாப்பிட மாட்டேங்குது. செத்துடும் போல இருக்கு. உங்களையே நெனச்சுக்கிட்டு வாசலையே பாத்துக் கெடக்கு. அதோட பேரு என்ன? எப்படிக் கூப்பிடுவீங்க? என்ன சொன்னா சாப்பிடும்?" எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டாள். பக்கத்திலிருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"பேரா? நாய்க்கு எதுக்குப் பேரு? டேய்னா வரும்." அவன் கம்பியில் விரலை மாட்டிக்கொண்டான். "உள்ளதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை காட்டுக்குப் போய்ட்டு வந்ததும் அதைச் சுட்டுடலாம்னு இருந்தேன். மோப்பம் போச்சு, ஓட்டம் போச்சு. அந்த மாதிரி நாய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதுக்குள்ள என்னையே பிடிச்சுட்டாங்க."

அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். பட்டினி கிடந்து அந்த நாய் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது இவனையா?

"அதென்ன சாப்பிடாம இருக்கிறது?" என்று அவனே தொடர்ந்தான். "கல்லைப் போட்டாலும் தின்னுமே. எங்க வெச்சுப் போடறீங்க?"

"எங்கன்னா? வீட்டுலதான். சமையலறையில, கூடத்துல..."

"வீட்டுக்குள்ளயா?" வாய்விட்டுச் சிரித்தான். "அதை வீட்டுக்குள்ள விட்டீங்களா? அடப்போங்கம்மா. குட்டியா இருக்கும்போது ஒருதரம் உள்ள வந்து சட்டியில வாய வெச்சுது. விறகுக் கட்டையால ஒண்ணு வெச்சேன். விலாவுல. பொழைக்காதுன்னுதான் நெனச்சேன். அதுக்கப்புறம் கதவைத் திறந்து வெச்சுட்டு ஊருக்கே போனாலும் வாசப்படி தாண்டாது. கூரைக்குக் கீழ வெச்சா நீங்க அமுதத்தை ஊட்டினாலும் தொடாது. அடி விழும்னு அதுக்குத் தெரியும்."

கோணலாகக் கூடிய அந்த இரண்டு எலும்புகள் அவள் கண்முன் வந்து நின்றன. டாக்டரம்மா பன்றி என்றார். அவளும் பன்றி என்றே நம்பினாள். வாசலைப் பார்த்துக் கிடந்ததையும் அப்படித்தான், துக்கம் என்றே நம்பினாள். அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. என்னை வெளியே விடு, வெளியே விடு என்று தெரிந்த ஒரே வழியில் கேட்டுக்கொண்டிருந்தது. அவளோ கதவைத் தாழிட்டுவிட்டு ஈரல் வதக்கிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. காவலர் எல்லோரையும் கிளப்பினார். அவள் திரும்பப் போகையில் வேட்டைக்காரன் கூப்பிட்டான். "இந்தாங்கம்மா." முன்பிருந்த சிரிப்பு போயிருந்தது. "என்னைத் தேடுதுன்னா சொன்னீங்க?"

நாயின் விலா எலும்பை முறித்தவன் அவன். ஆனால் சற்றுமுன் தலையைக் கோதிக்கொண்டு ஓடிவந்தவனும் அவன்தான்.

"தேடுது," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்தான். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பஸ்ஸிலிருந்தே தம்பிக்கு ஃபோன் செய்தாள். "அதைத் தூக்கிட்டுப் போய்க் கொல்லைப்பக்கம் விடுடா."

"அக்கா, அது நிக்கக்கூட மாட்டேங்குது. இப்போ எதுக்கு?"

"தூக்குடா, சொல்றேன்."

அவள் வீடு சேரும்போது சாயங்கால வெயில் பின்கட்டுச் சுவரின் மேல் மட்டும் மிச்சமிருந்தது. துணி காயப்போடும் கொடி, உடைந்த வாளி, வாரக் கணக்கில் பெருக்காத மண். நாய் நடுவில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அடுப்பைப் பற்றவைக்கக்கூடப் பொறுமையில்லை அவளுக்கு. காலையில் வைத்த சோற்றையும் கோழியையும் கையால் பிசைந்துகொண்டு வந்து, தட்டில்லாமல் மண்ணிலேயே கொட்டினாள். நாயின் மூக்கு அசைந்தது. கண் அவளைப் பார்த்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்காத அக்கா," என்றான் தம்பி, அவன் குரல் அவனுக்கே கேட்காத மாதிரி. "திரும்பிக்கோ."

அவள் நாய்க்கு முதுகைக் காட்டி நின்றாள். தம்பியின் முகம் அவளுக்கு எதிரே இருந்தது. அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஒன்று தெருவில் போனது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள். தம்பியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவ்வளவுதான், தாமதமாகிவிட்டது என்று அவள் கண்ணை மூடப்போனபோது அவன் உதடு கோணியது. சிறுவயதில் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் கோணும். பின்னாலிருந்து சளப் சளப்பென்று சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது தின்றதில் பாதியைக் கக்கியது. மறுபடியும் தின்றது. திங்கட்கிழமை டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், பட்டினியில் சிறுநீரகம் இன்னும் அடிவாங்கியிருக்கிறது, நிறைய நாள் எதிர்பார்க்காதீர்கள் என்றார். மறுபடியும் சிறுநீரகம். அவள் ஃபோனை வைத்தாள். பிறகு எழுந்துபோய்க் கொல்லை மண்ணைப் பெருக்கினாள்.

அவள் ஆசைப்பட்ட துணை இது இல்லை. இது மடியில் படுக்காது, கை நக்காது, வாலாட்டாது. பக்கத்தில் போனால் எழுந்து தள்ளிப் படுக்கும். எனக்கும் துக்கம், உனக்கும் துக்கம் என்று ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அதற்கு இருந்ததோ துக்கமில்லை, பயம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்ததும், அழுகை வந்த நாட்களில் அழுதுகொண்டே, அதற்குச் சோறு கொட்டினாள். தள்ளி நாற்காலி போட்டுத் தன் தட்டோடு உட்கார்ந்தாள். தன்னையறியாமல் அவளும் சாப்பிட்டாள்.

மழைக்காலம் நெருங்கியது. தம்பி பலகையும் தகரமும் கொண்டுவந்து ஒரு கூண்டு அடித்தான். வேலைப்பாடெல்லாம் செய்து வாசல்கூட வைத்தான். நாய் அதன் பக்கமே போகவில்லை.

"இதுக்கும் வாசப்படி இருக்குல்ல," என்றாள் அவள்.

அவன் கூண்டைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் பலகையெல்லாம் பிரித்துவிட்டு, நாலு கம்பு நட்டு மேலே ஒரு தார்ப்பாய் மட்டும் கட்டினான். நாலு பக்கமும் திறந்த அந்த நிழலுக்குள் நாய் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து படுத்தது.

பெருமழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் அதனோடு தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்திருந்தாள். காற்று சாரலை உள்ளே அடித்தது. மண்ணில் தண்ணீர் ஓடிவந்து நாயின் வயிற்றை நனைத்தது. அது நடுங்கியது. அவள் எழுந்து ஓடிப்போய்ப் பின்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வா. யாரும் அடிக்க மாட்டாங்க. வா கிழவா," என்றாள்.

நாய் எழுந்து நின்றது. திறந்த கதவையும் உள்ளே தெரிந்த உலர்ந்த தரையையும் பார்த்தது. வால் கால்களுக்கிடையே போயிற்று. கொட்டும் மழையில் ஓர் அடி பின்வாங்கியது.

அவள் உள்ளே போய்ப் பஞ்சுவின் போர்வைகளில் தடித்ததை எடுத்துக்கொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு வந்தாள். நனைந்த நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். போர்வையைத் தலைக்கு மேல் விரித்து, ஒரு பக்கத்தைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்தாள். கை வலித்தது. மாற்றிப் பிடித்தாள். நாய் வெளியே நின்று நனைந்துகொண்டு அவளையே பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, அவளைத் தொடாமல், அந்தப் போர்வைக்குக் கீழே வந்து படுத்தது.